ஆர்டிஎக்ஸ் 4070: கார்டு உழைக்கிறது, கேம்கள் உழைக்கின்றனவா?

என்னிடம் இருந்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, அதாவது கேமின் படத்தை வரையும் பாகம். 2016-இல் வந்த கார்டு, 6 ஜிபி நினைவகம், 120 வாட். அதை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 4070 போட்டேன். இது 2023 ஏப்ரலில் வந்தது. 12 ஜிபி, 200 வாட். இதற்குப் பிறகு 50 வரிசைக் கார்டுகளும் வந்துவிட்டன. ஆனாலும் பழைய கார்டை வைத்துக்கொண்டு "மாற்றலாமா, வேண்டாமா" என்று யோசிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த அளவு வேகத்தில்தான். அதனால் இதை அவர்களுக்காக எழுதுகிறேன். நொடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் வரையும் தனிப் படம்) வருகிறது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஃபிரேமில் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் கார்டைச் சொல்லிவிடுகிறேன், அதில் சொல்ல அதிகம் இல்லை. இரண்டு விசிறி, ஒரே ஒரு 8 பின் மின் இணைப்பு உள்ள மாடல். பவர் சப்ளையை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சும்மா இருக்கும்போது விசிறி சுற்றுவதே இல்லை. முழு வேகத்தில் ஓடும்போதும் ஹெட்ஃபோன் போட்டிருந்தால் சத்தம் தெரியாது. பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கினேன். வேகம் கொஞ்சம்தான் குறைந்தது, சூடு நன்றாகவே இறங்கியது. கூட இருப்பது ரைசன் 5 5600 ப்ராசஸர், 27 அங்குல 1440பி (1440 வரி உயரமுள்ள படம்) மானிட்டர். கார்டாக எனக்கு இதில் எந்தக் குறையும் இல்லை.

புதுக் கார்டு போட்டதும் முதலில் திறந்தது புதுக் கேம் இல்லை, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. பழைய கார்டில் 1080பி-யில், பாதி செட்டிங்கை மீடியத்துக்கு இறக்கி ஆடிய கேம். இப்போது 1440பி-யில் எல்லாவற்றையும் ஏற்றிவைத்துப் பார்த்தேன். விடியற்காலையில் மலைச்சரிவில் பனிமூட்டம் மெல்ல விலகுகிறது, மரங்களுக்கு நடுவே வெயில் கீற்றுகளாக இறங்குகிறது, அணிந்திருக்கும் கோட்டில் ஒட்டிய சேறு காய்ந்துபோகிறது, பனியில் குதிரை நடந்த தடம் அப்படியே நிற்கிறது. இது 2018-இல் வந்த கேம். பிசிக்கு 2019 நவம்பரில் வந்தது. முதலில் ஓடியது 2013-இல் வெளியான பிளேஸ்டேஷன் 4-இல். அந்த இயந்திரத்தில் இருந்தது மொத்தமே 8 ஜிபி நினைவகம், அதையும் ப்ராசஸரும் கிராபிக்ஸும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒளிக்கதிர் எங்கே பட்டு எப்படித் தெறிக்கிறது என்று கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் என்ற பேச்சே அதில் இல்லை. அதற்குப் பிறகு நான் ஆடிய புதுக் கேம்களில் பாதிக்கு மேல் இதைவிட அழகாக இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் இதைப்போல இரண்டு மடங்கு வேலையைக் கார்டிடம் கேட்கிறது.

என் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்று தங்கையை உட்கார வைத்தேன். அவள் ஓவியம் படித்தவள், கேம் ஆடமாட்டாள். அதனால் செட்டிங்கின் பெயரைப் பார்த்து மயங்க வாய்ப்பில்லை. அதே ரெட் டெட்டில் ஒரே இடம், ஒரே நேரம். ஒன்று எல்லாம் ஹை, இன்னொன்று எல்லாம் அல்ட்ரா. வாட்டர் ஃபிசிக்ஸ், மூடுபனியின் தரம், மரங்களின் டெசலேஷன் (அடிமரத்தின் மேடுபள்ளத்தைக் கூட்டும் செட்டிங்) எல்லாமே உச்சத்தில். ஃபிரேம் எண்ணிக்கை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. மாற்றி மாற்றிக் காட்டினேன்.

"அண்ணா, ரெண்டும் ஒண்ணுதானே? எதைப் பாக்கச் சொல்ற?"

அடிமரத்தின் மேடுபள்ளத்தைப் பார் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அதுவும் அருகில் போய் நிறுத்திக் காட்டியதால். குதிரையில் போகும்போது யாருக்கும் தெரியாது.

அடுத்து சைபர்பங்க் 2077-ஐத் திறந்தேன். 2020 டிசம்பரில் வந்த இந்தக் கேமுக்கு 2023 ஏப்ரலில் ஓவர்டிரைவ் என்ற பெயரில் முழுப் பாத் டிரேசிங், அதாவது காட்சியின் ஒளி முழுவதையும் ரே டிரேசிங்கால் கணக்கிடும் முறை, சேர்த்தார்கள். ஒரு சாதாரணக் கடைவாசல், இரவு, மேலே சிவப்பு விளக்குப் பலகை. பாத் டிரேசிங்கை அணைத்தும் போட்டும் காட்டினேன். இந்த முறை நான் எதையும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. "இதுல மேசைக்கு அடியில இருட்டு சரியா விழுது. முன்னாடி நாற்காலி தரையில நிக்காம மிதந்துச்சு" என்றாள். பலகையின் சிவப்பு ஈரத்தரையில் பட்டு, அங்கிருந்து எதிர்ச்சுவருக்கும் நின்றுகொண்டிருந்தவரின் தாடைக்கு அடியிலும் ஏறியிருந்ததையும் அவளேதான் சொன்னாள்.

என் முடிவு அந்த நாற்காலியில்தான் பிறந்தது. நுணுக்கம் கூடினால் நம் கண் அதைச் சீக்கிரம் கவனிக்காமல் விட்டுவிடும். ஒளி சரியாக விழுந்தால் உடனே பிடித்துக்கொள்ளும். வழக்கமான முறையில் அந்தத் தெருவில் உள்ள பல சின்ன விளக்குகளுக்கு நிழலே கிடையாது. அத்தனைக்கும் நிழல் கணக்கிட்டால் கார்டு தாங்காது. பாத் டிரேசிங்கில் எல்லா விளக்கும் நிழல் போடும், எல்லாப் பரப்பும் தன் நிறத்தைப் பக்கத்துப் பரப்புக்குக் கொடுக்கும். இதற்கு வலுவான கார்டு வேண்டும் என்றால் அது நியாயமான கோரிக்கைதான். சிறிய படத்தை வரைந்து மாடல் மூலம் பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் வசதியை என் மானிட்டரில் பேலன்ஸ்டு நிலையில் வைத்தால் ஃபிரேம் 40-ஐ ஒட்டி வருகிறது, நடுவே செயற்கை ஃபிரேம்களைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷனும் சேர்த்தால் 70-ஐ ஒட்டி. பழைய 1060-இல் இதை நினைத்தும் பார்க்க முடியாது. கொடுத்த பணத்துக்கு வேலை நடந்தது என்று நான் நெஞ்சில் கை வைத்துச் சொல்வது இந்தக் கேமில்தான்.

அதே வரிசையில் மெட்ரோ எக்ஸோடஸின் என்ஹான்ஸ்டு எடிஷனையும் வைப்பேன். 2021 மே மாதம் வந்தது. ஒளி முழுவதையும் ரே டிரேசிங்குக்கே மாற்றிவிட்டு, அந்த வசதி இல்லாத கார்டுகளில் ஓடாது என்று அறிவித்த முதல் சில கேம்களில் ஒன்று. பாழடைந்த மரவீடு, பலகை இடுக்கு வழியாக ஒரே ஒரு வெயில் கோடு. அந்த ஒன்றிலிருந்து அறை முழுதும் மங்கலாக வெளிச்சம் பரவுகிறது. கதவைத் திறந்தால் அறையின் நிறமே மாறுகிறது. இருட்டில் பதுங்கி ஆடும் கேமில் அந்த மாற்றம் ஆட்டத்தையே மாற்றுகிறது. இவ்வளவுக்கும் 4070 இதில் திணறவே இல்லை.

சரி, அப்படியானால் மற்ற கேம்கள் எல்லாம் ஏன் இவ்வளவு கனமாகிவிட்டன?

இதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். முன்பெல்லாம் ஒரு கேமில் விளக்கும் சுவரும் அசையாது என்றால், அந்த வெளிச்சம் எங்கே எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்பதை ஸ்டுடியோவின் கணினிகள் மணிக்கணக்கில் கணக்கிட்டு, விடையைப் படமாகச் சுவர்மேல் ஒட்டிவிடும். நம் கார்டு அந்தப் படத்தை எடுத்துக் காட்டினால் போதும். இதை பேக் செய்வது என்பார்கள். 2008-இல் வந்த மிரர்ஸ் எட்ஜை இன்று திறந்து பாருங்கள். வெள்ளைச் சுவர்களில் பக்கத்துக் கதவின் ஆரஞ்சு நிறம் எவ்வளவு மென்மையாகப் படிந்திருக்கிறது! அத்தனையும் பேக் செய்தது. என் 4070-க்கு அது ஒரு வேலையே இல்லை, ஆனால் படம் இன்றும் சுத்தமாக, கூர்மையாக இருக்கிறது.

இப்போது வரும் பல கேம்கள், குறிப்பாக அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்யப்படுபவை, அந்த வேலையை லூமென் என்ற முறைக்கு விட்டுவிடுகின்றன. ஒளியை ஓட்டத்தின்போதே கணக்கிடும் முறை அது. செய்பவர்களுக்கு இதில் பெரிய லாபம் உண்டு. ஒரு விளக்கை நகர்த்தினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே பலன் தெரியும். பேக் செய்த தரவு டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொள்ளாது. நாளும் இரவும் மாறும் திறந்த உலகத்தில், சுவரை உடைக்க முடிகிற கேமில், பழைய முறை சரிப்பட்டும் வராது. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. அந்தக் கலைஞர்களின் நேரத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் நேரம் மாறாத, விளக்கு அசையாத, சுவர் உடையாத ஒரு நீண்ட நடைபாதையிலும் அதே முறையைப் போடுகிறார்கள். ஒரே முறை கணக்கிட்டு வைத்திருக்கக்கூடிய விடையை என் கார்டு நொடிக்குப் பல தடவை புதிதாகத் தேடுகிறது. அந்த விடையும் குறைவான மாதிரிகளை வைத்து எடுத்ததால் மூலைகளில் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது. அப்படி ஒரு கேமைச் சமீபத்தில் முடித்தேன். பெயர் வேண்டாம், அந்த ஒரு கேமோடு முடிகிற விஷயம் இல்லை இது. 1440பி-யில் ஹை வைத்தால் 50 ஃபிரேம். கதவைத் திறக்கும்போது, புது எதிரி வரும்போது, முதல்முறை தீப்பற்றும்போது எல்லாம் ஒரு திக்கல். ஷேடர்களை (பரப்புகளை எப்படி வரைய வேண்டும் என்று கார்டுக்குச் சொல்லும் சின்ன நிரல்கள்) முன்கூட்டியே தயார் செய்யாமல் ஆட்டத்தின் நடுவே தயார் செய்வதால் வருவது அது. கன்சோலில் எல்லோரிடமும் ஒரே சில்லு. தயார் செய்த ஷேடரை அப்படியே கேமுடன் சேர்த்து அனுப்பிவிடலாம். பிசியில் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு கார்டு, வெவ்வேறு டிரைவர். அவரவர் கணினியில்தான் அதைச் செய்ய முடியும். ஆரம்பத்திலேயே ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு செய்துவிட்டால் நான் சந்தோஷமாகக் காத்திருப்பேன். எத்தனை பெரிய கார்டு போட்டாலும் இந்தத் திக்கல் போகாது, ஏனென்றால் இந்த வேலை பெரும்பாலும் ப்ராசஸருடையது. புதுக் கார்டு வாங்கியும் ஏன் திக்குகிறது என்று கேட்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம்.

மங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அதுதான். இன்றைய முடி, நிழல், பிரதிபலிப்பு எல்லாம் ஒரு ஃபிரேமில் முழுதாக வரையப்படுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து, முந்தைய ஃபிரேம்களோடு கலந்து வழவழப்பாக்குகிறார்கள். நின்று பார்த்தால் அழகு. கேமராவைத் திருப்பினால் இலைகள் கரைகின்றன, தூரத்துக் கம்பிவேலி கலைகிறது. 4கே-யில் ஒரு ஃபிரேமுக்கு 82,94,400 புள்ளிகள் இருப்பதால் இது அவ்வளவாகத் தெரியாது. 1080பி-யில் இருப்பது அதில் கால் பங்கு. பெரும்பாலானவர்கள் ஆடும் அளவு அதுதான், மங்கல் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். பத்து வருடம் முந்தைய கேமை 1080பி-யில் போட்டால் ஓரங்கள் கூராக இருக்கின்றன. புதியதை அதே மானிட்டரில் போட்டால் கண்ணாடியைத் துடைக்கத் தோன்றுகிறது. வலுவான கார்டு வாங்கச் சொல்லிவிட்டு இப்படி ஒரு படத்தைக் கொடுப்பது முறையா?

இதற்கு மருந்தாக டிஎல்எஸ்எஸ் வருகிறது. 1440பி மானிட்டரில் அதன் குவாலிட்டி நிலையை வைத்தால் கார்டு வரைவது 960 வரி உயரமுள்ள படம்தான். மொத்தப் புள்ளிகளில் பாதிகூட இல்லை. மீதியை நிரப்புவது பயிற்றுவிக்கப்பட்ட மாடல். நான் இதற்கு எதிரானவன் இல்லை. 2025 ஜனவரியில் வந்த டிரான்ஸ்ஃபார்மர் மாடலுக்குப் பிறகு, கேம் தானாகச் செய்யும் வழவழப்பைவிட இதுவே பல இடங்களில் கூர்மையாக இருக்கிறது. பழைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் அது கிடைத்தது என்பது பாராட்ட வேண்டிய விஷயம். என் வருத்தம் வேறு. முடியாத வேலையை முடிய வைக்க வந்த வசதி, இப்போது தேவைப் பட்டியலிலேயே எழுதப்படுகிறது. 2025 பிப்ரவரியில் வந்த மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸின் பரிந்துரைப் பட்டியலில் 1080பி-க்கு 60 ஃபிரேம் என்று போட்டிருந்தார்கள், ஃபிரேம் ஜெனரேஷன் போட்ட பிறகு வருகிற 60 அது. ஃபிரேம் ஜெனரேஷன் இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே ஒன்றைச் செய்து செருகுவது. அதற்காகப் பின்னால் வரும் ஃபிரேமைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். அந்த அளவுக்குக் கை அசைவு தாமதமாகும். உண்மையாகவே 60 வருகிற இடத்தில் போட்டால் தாமதம் தெரியாது, படம் வழுக்கிக்கொண்டு ஓடும். உண்மையில் 30 வருகிற இடத்தில் போட்டால் திரையில் 60 தெரியும், கையில் 30-ஐவிடக் கனமாக இருக்கும். சைபர்பங்கில் நான் சொன்ன 70-ஐயும் இந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நிதானமாகத் தெருவில் நடக்க அது போதும், பெரிய சண்டை என்றால் நான் அதை அணைத்துவிட்டு வேறு செட்டிங்கை இறக்குகிறேன்.

கனமான கார்டு இல்லாமலும் நல்ல ஒளி வரும் என்பதற்கு இரண்டு கேம்களைச் சொல்கிறேன். ஒன்று, 2024 டிசம்பரில் வந்த இன்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள். ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் இது ஓடாது; என் 1060-க்கு இடமே இல்லை. கோபப்பட வேண்டிய விஷயம்போலத் தோன்றும். ஆனால் இதே கேம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற சின்ன கன்சோலில் 60 ஃபிரேமில் ஓடுகிறது. எஞ்சினைத் தன் கைக்கு அடக்கமாக வைத்திருக்கும் குழு செய்தால் ரே டிரேசிங் கனமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வத்திக்கானின் கல் தாழ்வாரங்களில் வெயில் எட்டிப் பார்க்கும் விதம் அருமை. 4070-இல் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: டெக்ஸ்சர் பூல் என்ற செட்டிங்கை (பரப்புகள்மேல் ஒட்டும் படங்களான டெக்ஸ்சர்களுக்கு ஒதுக்கும் நினைவகம்) உச்சத்துக்கு ஏற்றாதீர்கள். பாத் டிரேசிங்கும் சேர்த்தால் 12 ஜிபி நிரம்பி வழிந்து ஃபிரேம் விழுந்துவிடும். ஒரு படி இறக்கினால் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

இன்னொன்று, கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2. 2025 பிப்ரவரி. கிரைஎஞ்சின், தனக்கே உரிய ஒளிமுறை, ரே டிரேசிங் சில்லு தேவையில்லை. பகலும் இரவும் மாறும் திறந்த உலகம் இது. பேக் செய்ய முடியாத வகை. அப்படியிருந்தும் இதன் குறைந்தபட்சக் கார்டு 6 ஜிபி 1060தான். ஒன்பது வருடப் பழைய கார்டு! காட்டுக்குள் சாயங்கால வெயில் இறங்குவதைப் பார்க்கும்போது, இதற்கு மேல் எதற்காக அவ்வளவு வலு கேட்கிறார்கள் என்று தோன்றாமல் இருக்காது.

முகங்களைப் பற்றி நியாயமாக ஒரு வார்த்தை. 2024 மே மாதம் வந்த செனுவாஸ் சாகா: ஹெல்பிளேட் 2-இல் கதாநாயகியின் முகத்தில் ஓடும் பயம் பழைய கார்டுகளும் பழைய எஞ்சின்களும் தர முடியாதது. உதட்டோரம் துடிப்பதும் கண் ஈரமாவதும் தெரிகின்றன. அதுவும் அன்ரியல் எஞ்சின் 5தான். ஆகவே எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை, அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் விஷயம். சிறிய கேம், ஒவ்வொரு காட்சியையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

கடைசியில் என் கணினியில் நிலைத்துவிட்ட செட்டிங் இது. டெக்ஸ்சரை நினைவகம் அனுமதிக்கும் உச்சத்தில் வைக்கிறேன். இடம் இருக்கும்வரை அது வேகத்தை அதிகம் தின்பதில்லை, படத்துக்கோ நிறையக் கொடுக்கிறது. நிழல், மூடுபனி, பிரதிபலிப்பு மூன்றும் அல்ட்ராவில் இருந்து ஹை அல்லது மீடியத்துக்கு. அசைவின்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளர் கிடையாது. ஒளிக்கான ரே டிரேசிங் இருந்தால் அதைக் கடைசிவரை விடுவதில்லை. பிரதிபலிப்புக்கு மட்டும் ரே டிரேசிங் என்றால் பெரும்பாலும் அணைத்துவிடுகிறேன், ஓடும்போது குட்டையில் தெரியும் கட்டடத்தை நான் பார்ப்பதில்லை. இப்படி வைத்தால் 4070 இன்னும் பல வருடம் தாங்கும்.

வாங்கலாமா என்றால், அடுத்த ஒரு வருடத்தில் நீங்கள் உண்மையிலேயே ஆடப் போகும் கேம்களை எழுதிப் பாருங்கள். போட்டி ஷூட்டர்கள், சிறு குழுக்கள் செய்யும் இன்டி கேம்கள், தள்ளிப்போட்டு வைத்திருக்கும் பழைய நல்ல கேம்கள் என்றுதான் பட்டியல் நிற்கிறது என்றால் கையில் இருக்கும் கார்டே போதும். பணத்தை நல்ல மானிட்டருக்குப் போடுங்கள், அந்த வித்தியாசம் எல்லாக் கேமிலும் தெரியும். பட்டியலில் சைபர்பங்க், மெட்ரோ, இன்டியானா ஜோன்ஸ் மாதிரி ஒளியால் வாழும் கேம்கள் இரண்டு மூன்று இருந்து, உங்கள் கார்டு ரே டிரேசிங்குக்கு முந்தையது என்றால் 4070-ஐயோ அதே வேகத்தில் உள்ள புதியதையோ தயங்காமல் வாங்கலாம். எதை எடுத்தாலும் 12 ஜிபிக்குக் குறைவாக எடுக்காதீர்கள்.